கேட்டியிடம் போட்டு வைத்த 12 கிரெடிட்: ஒரு நெட்ரன்னர் டெக்கின் காசு கார்டுகள்

## பின்னணி

'ஆண்ட்ராய்டு: நெட்ரன்னர்' என்ற சீட்டாட்டத்தை ஆடத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். டெக்கில், அதாவது ஆடத் தொகுத்த சீட்டுக்கட்டில், காசு கார்டு போதாது. இங்கே எழுதுவது அப்படி விழுந்த ஒருவரின் கதை. அவராக விழுந்தது ஒரு முறை, நான் சொன்ன யோசனையைக் கேட்டு விழுந்தது இன்னொரு முறை. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

2014 கோடை. புதன்கிழமை மாலைகளில் ஒரு விளையாட்டுக் கடையில் ஆறேழு பேர் கூடி ஆடிக்கொண்டிருந்தோம். அவர் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பார்ப்பது கணக்கு எழுதும் உத்தியோகம், டெக்கில் மட்டும் எப்போதும் பஞ்சம். அதை வைத்து நாங்கள் அவரை ஓட்டியது தனிக் கதை. கடையில் ஒரு சிறு போட்டி வரவிருந்தது. அதற்குள் தன் ரன்னர் டெக்கைச் சரிசெய்ய வேண்டும் என்று என்னிடம் வந்தார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இருவர் ஆடுவது. ஒருவர் கார்ப், அதாவது பெரிய நிறுவனம். மற்றவர் ரன்னர், அதன் கணினிக்குள் புகுந்து திருடுகிறவர். கார்ப் 'அஜெண்டா' எனப்படும் தன் திட்டங்களை 'ஐஸ்' எனப்படும் காவல் கார்டுகளுக்குப் பின்னால் வைத்து முடிக்கப் பார்க்கும், ரன்னர் அதற்குள் எடுத்துவிடப் பார்ப்பார். அந்தத் திட்டங்களால் முதலில் 7 புள்ளி தொட்டவர் வென்றார். இருவரும் மாறி மாறி ஆடும் ஒவ்வொரு முறையிலும் (டர்னிலும்) ரன்னருக்கு 4 கிளிக், அதாவது 4 செயல், கார்ப்புக்கு 3. ஒரு கிளிக்கில் ஒரு கார்டு எடுக்கலாம், ஒரு கிரெடிட் (ஆட்டத்தின் காசு) வாங்கலாம், ஒரு கார்டை இறக்கலாம், ரன்னரானால் ஒரு ரன் போகலாம், அதாவது கார்ப்பின் சர்வர் ஒன்றுக்குள் புகப் பார்க்கலாம். இருவரும் 5 கிரெடிட்டும் 5 கார்டும் வைத்துத் தொடங்குவார்கள்.

1996-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த நெட்ரன்னரை 2012-ல் ஃபேன்டஸி ஃப்ளைட் நிறுவனம் புதுப்பித்துக் கொண்டுவந்தது. லூகாஸ் லிட்ஸிங்கர்தான் அந்தப் பதிப்பின் முதன்மை வடிவமைப்பாளர். பாக்கெட்டைப் பிரித்து அதிர்ஷ்டம் பார்க்கிற வேலை இதில் இல்லை. ஒரு தொகுப்பு வாங்கினால் அதில் என்ன கார்டு என்பது முன்பே தெரியும். ஆகவே எல்லோரிடமும் ஏறக்குறைய அதே கார்டுகள்தான். எதை வைக்கிறோம், எதை விடுகிறோம் என்பதில்தான் டெக் நிற்கும்.

அவருடைய ரன்னர் கேப்ரியல் சாண்டியாகோ. ஒவ்வொரு முறையும் கார்ப்பின் எச்.க்யூ.வில், அதாவது கார்ப்பின் கைச் சீட்டில், முதல் ரன் வெற்றியானால் 2 கிரெடிட் தரும் ஆள். விரட்டி விரட்டி ஆட வேண்டிய ரன்னர். இது முக்கியம், பின்னால் வரும்.

## முதலில் கண்டது

45 கார்டு டெக்கைப் பரப்பி வைத்து, "காசு கார்டு எத்தனை?" என்று கேட்டேன். "பதினொன்று" என்றார். ஷ்யூர் கேம்பிள் 3, கேட்டி ஜோன்ஸ் 2, அக்கவுண்ட் சைஃபன் 3, டெஸ்பராடோ 3.

என் கணக்கில் ஐந்துதான். சைஃபன் பெரிய கார்டுதான், மறுக்கவில்லை. எச்.க்யூ. மேல் ரன் போய் வென்றால் கார்ப் 5 கிரெடிட் வரை இழக்கும், இழந்த ஒவ்வொன்றுக்கும் நமக்கு 2. ஆனால் எச்.க்யூ. வாசலில் ஐஸ் நிற்கும், அதை உடைக்கவே காசு வேண்டும். டெஸ்பராடோவும் அப்படித்தான். வெற்றியான ஒவ்வொரு ரன்னுக்கும் 1 கிரெடிட் தரும், ஆனால் இறக்க 3 வேண்டும், அப்புறம் ரன் வெற்றியாக வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். இந்த ஆறும் காசு இருப்பவருக்கு மேலும் காசு தருபவை, இல்லாதவரைத் தூக்கிவிடுபவை அல்ல.

அடுத்த இரண்டு வாரத்தில் ஆறு ஆட்டம் ஆட வைத்து, ஒவ்வொரு முறை முடிவிலும் அவர் கையிருப்பை ஒரு தாளில் குறித்தேன். ஆறில் ஒன்று வென்றார். மூன்றாவது முறை முடியும்போது கையில் பெரும்பாலும் 0, 1, 2. ஷ்யூர் கேம்பிள் கையிலேயே இருக்கும், போட முடியாது. 5 கொடுத்து 9 வாங்கும் கார்டு அது, 4 கிரெடிட் இருந்தால் வெறும் அட்டை. முதல் முறையிலேயே கோர்டியன் பிளேடை (ஐஸை உடைக்கும் புரோகிராம், ஓர் உடைப்பான்) 4 கொடுத்து இறக்கிவிட்டு, அடுத்து கேம்பிள் வந்ததும் ஒவ்வொரு கிளிக்காகக் கிரெடிட் எடுத்து 5 சேர்ப்பார். ஒரு முறை முழுக்க அதற்கே போய்விடும்.

கணக்கு போட்டுப் பார்த்தோம். 45-ல் 5 காசு கார்டு என்றால் தொடக்கக் கையில் ஒன்றாவது வர 46% வாய்ப்பு. கை பிடிக்கவில்லை என்றால் ஒருமுறை மாற்றிக்கொள்ள விதி இருக்கிறது, அதையும் சேர்த்தால் 71%. ஏறக்குறைய பத்தில் மூன்று ஆட்டம் காசு வழியே இல்லாமல் தொடங்குகிறது.

அந்த ஆறில் ஓர் ஆட்டத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எதிரில் ஹாஸ்-பயோராய்டு கார்ப். கேட்டி ஜோன்ஸ் ஒரு வங்கிக் கணக்கு மாதிரி. இறக்க 2 கிரெடிட், ஒரு முறைக்கு ஒரு கிளிக் கொடுத்து 3 கிரெடிட் அதன்மேல் போடலாம், அல்லது அதுவரை சேர்ந்ததை எல்லாம் மொத்தமாக எடுக்கலாம். அதில் 9 சேர்ந்திருந்தது. அந்த முறையின் முதல் கிளிக்கில் அவர் மேலும் 3 போட்டார். 12. இரண்டாவது கிளிக்கில் சைஃபன். வாசலில் எலி 1.0 (தமிழில் கேட்க வேடிக்கையான பெயர்தான், ஆனால் லேசான ஐஸ் இல்லை). கொரோடர் என்ற உடைப்பானுக்கு 4 கிரெடிட் கொடுத்து உடைத்து உள்ளே போனார். சைஃபனில் 10, கேப்ரியலுக்கு 2, டெஸ்பராடோவுக்கு 1, மொத்தம் 13. மேசையில் அவர் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

சைஃபனுக்கு ஒரு விலை உண்டு. ரன்னர் மேல் 2 டேக் (கார்ப் ரன்னரை அடையாளம் கண்டுவிட்டதற்கான குறி) விழும். ஒரு டேக்கைக் கழற்ற ஒரு கிளிக்கும் 2 கிரெடிட்டும். இன்னும் 2 கிளிக் இருந்தது, காசும் இருந்தது. "அப்புறம் கழற்றிக்கலாம்" என்று கோர்டியனை இறக்கி, ஒரு கார்டு எடுத்து முடித்தார். 7 கிரெடிட் வைத்திருந்த கார்ப்பிடம் மிச்சம் 2. டேக் இருக்கும் ரன்னரின் ரிசோர்ஸ் வகைக் கார்டு ஒன்றை அழிக்க கார்ப்புக்கு ஒரு கிளிக்கும் 2 கிரெடிட்டும் போதும். கேட்டி ஒரு ரிசோர்ஸ். முதல் கிளிக்கிலேயே கேட்டி போனாள், அதன்மேல் இருந்த 12-ம் போயிற்று. 13 வாங்கி 12 விட்டார்.

## முதல் முடிவும் அதன் காரணமும்

இங்கேதான் என் தவறு. அவருக்கு வேண்டியது தீராத ஒரு வருமானம் என்று நினைத்தேன். "மேக்னம் ஓபஸ் இரண்டு போடு, யாரும் டேக் வைத்து அழிக்க முடியாது, கடைசி வரை தரும்" என்றேன். ஓபஸ் ஒரு புரோகிராம், 5 கிரெடிட், ஒரு கிளிக்குக்கு 2 கிரெடிட். வேறு பிரிவின் கார்டு என்பதால் ஒவ்வொன்றுக்கும் 2 இன்ஃப்ளுயன்ஸ் (வேறு பிரிவுக் கார்டுகளுக்கான ஒதுக்கீடு) போகும், அதற்கு அவரிடம் இடம் இருந்தது.

சிக்கல் நினைவகத்தில், அதாவது புரோகிராம்களுக்கான இடத்தில், வந்தது. ரன்னருக்கு 4, டெஸ்பராடோ ஒன்று சேர்க்கும், ஆக 5. உடைப்பான்கள் மூன்றும் 3 எடுக்கும், ஓபஸ் 2. அதோடு நிரம்பிவிட்டது. ஸ்னீக்டோர் பீட்டாவுக்கும் 2 வேண்டும், இடம் இல்லை. ஆர்க்கைவ்ஸ் (கார்ப்பின் கழித்த சீட்டுக் குவியல்) பக்கம் ஓடி எச்.க்யூ.வுக்குள் இறங்க வைக்கும் அந்தக் கார்டுதான் கேப்ரியலின் பின்வாசல். அதை எடுத்தோம். விரட்டி ஆட வேண்டிய டெக்கின் காலை வெட்டிவிட்டுக் கையில் பணப்பெட்டி கொடுத்த மாதிரி. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

## தொடர்ந்தது

நான்கு ஆட்டம், ஒரு வெற்றி. தாளில் எண்கள் மட்டும் மாறின. மூன்றாவது முறையில் இன்னும் 0, 1. ஆறாவது முறைக்கு மேல் 8, 10, 14. தோற்ற மூன்று ஆட்டத்திலும் முடியும்போது அவர் கையில் கிரெடிட் மிச்சம் இருந்தது.

முதல் முறையில் ஓபஸ் கிடைத்தால் உடனே இறக்குவார், கையில் 0. ரன்னரிடம் 0 என்று பார்த்ததும் கார்ப் ஒரே ஐஸுக்குப் பின்னால் அஜெண்டாவை வைத்து, அடுத்த முறையில் முடித்துவிடும். அவர் ஓபஸை அழுத்திக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஓபஸின் உண்மை விலையை அன்று இரவுதான் உட்கார்ந்து போட்டேன். எந்தக் கார்டும் இல்லாமலே ஒரு கிளிக்குக்கு 1 கிரெடிட் கிடைக்கும். ஓபஸ் தருவது 2. ஆக அதன் கூடுதல் பலன் கிளிக்குக்கு 1 மட்டும். இறக்கிய 5 கிரெடிட்டையும் இறக்கப் போன ஒரு கிளிக்கையும் ஈடுகட்டவே 6 கிளிக் அழுத்த வேண்டும், ஒன்றரை முறை. ஏழாவது கிளிக்கில்தான் லாபம் தொடங்குகிறது.

இதைச் செலவோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆர் அண்ட் டி, அதாவது கார்ப்பின் சீட்டுக்கட்டு, அதன் முன் எலி 1.0-ம் டோல்பூத் என்ற இன்னொரு ஐஸும் நின்றன. எலிக்குக் கொரோடரில் 4. டோல்பூத் எதிர்ப்பட்ட உடனே 3 கேட்கும், கோர்டியனை அதன் பலத்துக்கு ஏற்ற 3, உடைக்க 1, ஆக 7. மொத்தம் 11 கிரெடிட், பார்ப்பது ஒரே ஒரு கார்டு. ஓபஸில் 11 சேர்க்க 6 கிளிக். ஒன்றரை முறை உழைத்து ஒரு எட்டு எட்டிப் பார்க்கிறோம். பொறுமையாகக் கட்டி எழுப்பும் ஷேப்பர் பிரிவு டெக்குகளுக்கு இது ஒத்துவரும். கேட் மெக்காஃப்ரி போன்ற ரன்னருக்கு முறைக்கு முதல் புரோகிராம் அல்லது ஹார்டுவேர் 1 கிரெடிட் குறைவு, ஓபஸ் 4-க்கே இறங்கும். அவசரக்கார கேப்ரியலுக்கு அந்த அவகாசம் இல்லை.

"காசு வரும்போது வேலை முடிஞ்சிருக்கு, வேலை இருக்கும்போது காசு இல்ல" என்றார் அவர். இதைவிடச் சரியாக நான் சொல்லியிருக்க முடியாது.

## இரண்டாவது முடிவு

இந்த முறை கார்டின் மேல் எழுதியிருக்கும் தொகையை விட்டுவிட்டு மூன்று கேள்வி மட்டும் கேட்டோம். கையில் 2 கிரெடிட் மட்டும் இருக்கும்போது இதைப் போட முடியுமா? காசு உடனே கைக்கு வருகிறதா, கார்டின் மேலேயே தங்குகிறதா? இந்த டெக் எப்படியும் செய்யப்போகிற வேலையோடு சேர்ந்து வருகிறதா?

ஷ்யூர் கேம்பிள் மூன்றும் இருந்தன. அதில் விவாதமே இல்லை. (2018-ல் நிறுவனம் இந்த ஆட்டத்தைக் கைவிட்டபின் ரசிகர்களே எடுத்து நடத்துகிறார்கள், இன்று நல் சிக்னல் கேம்ஸ் என்று பெயர். அவர்கள் 2021-ல் வெளியிட்ட சிஸ்டம் கேட்வே தொகுப்பிலும் அந்தக் கார்டு அப்படியே இருக்கிறது.) கேம்பிளுக்கு ஒரு படி கீழே ஈஸி மார்க் 3 வைத்தோம். விலை 0, தருவது 3. பார்க்கச் சின்னக் கார்டு. ஆனால் கையில் 2 இருப்பவரை 5-க்குத் தூக்கும், 5 இருந்தால் கேம்பிள் போடலாம், அடுத்த கிளிக்கில் 9. ஏணியில் முதல் படி இல்லாமல் இரண்டாம் படியில் கால் வைக்கத்தான் அவர் இத்தனை நாள் முயன்றுகொண்டிருந்தார்.

அடுத்து டர்ட்டி லாண்டரி 3. 2 கொடுத்து ரன் போக வேண்டும், வெற்றியானால் 5 வரும். ரன் அவர் எப்படியும் போவார். காவல் இல்லாத எச்.க்யூ. மேல் போனால் லாபம் 3, கேப்ரியலுக்கு 2, டெஸ்பராடோவுக்கு 1. ஒரே கிளிக்கில் 6, கூடவே ஒரு கார்டையும் பார்க்கலாம்.

கடைசியாக, அந்த ஆண்டு வந்த ஹானர் அண்ட் ப்ராஃபிட் தொகுப்பிலிருந்து செக்யூரிட்டி டெஸ்டிங் 3. விலை 0. முறை தொடங்கும்போது ஒரு சர்வரைக் குறிக்கலாம், அதன்மேல் முதல் ரன் வெற்றியானால் கார்டு பார்ப்பதற்குப் பதில் 2 கிரெடிட். யாரும் காவல் போடாத ஆர்க்கைவ்ஸைக் குறித்தால் டெஸ்பராடோவோடு சேர்த்து ஒரு கிளிக்குக்கு 3. ஓபஸைவிட அதிகம், நினைவகமும் கேட்காது.

இதுவும் ரிசோர்ஸ்தானே, டேக் இருந்தால் அழிப்பார்களே என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. அழிக்கட்டும். 0 கொடுத்து இறக்கிய கார்டுக்கு கார்ப் ஒரு கிளிக்கும் 2 கிரெடிட்டும் செலவழித்தால் நமக்கு நஷ்டம் இல்லை, அதன்மேல் நம் சேமிப்பு எதுவும் இருக்காது. கேட்டியோடு இதுதான் வித்தியாசம்.

ஓபஸ் போய் ஸ்னீக்டோர் திரும்பி வந்தது. கேட்டி இரண்டும் வெளியே. சேர்ந்த ஒன்பதுக்கு இன்னும் ஏழு இடம் வேண்டும். 9 கிரெடிட் கேட்கும் ஃபெம் ஃபட்டால், இந்த டெக்கில் ஒருமுறைகூட இறங்கிப் பார்க்காதது, முதலில் போயிற்று. எமர்ஜென்சி ஷட்டவுன் 2, ஃபோர்ஜ்டு ஆக்டிவேஷன் ஆர்டர்ஸ் 2. இவை கார்ப்பின் ஐஸைத் தொந்தரவு செய்யும், நம் கைக்கு எதுவும் தராது. மிச்சம் இரண்டு இடத்துக்கு பிளாஸ்க்ரீட் காரபேஸ் இரண்டையும் எடுத்தோம். உடல் சேதத்தைத் தாங்கும் கவசம் அது. ஒவ்வொரு சேதத்துக்கும் ரன்னர் கையிலிருந்து ஒரு கார்டு போகும், கொடுக்கக் கார்டு இல்லையென்றால் சாவு. டேக் இருக்கும் ரன்னருக்கு அந்தச் சேதத்தைத் தரும் கார்டு ஸ்கார்ச்ட் எர்த். "எங்க கடையில ஸ்கார்ச்ட் எர்த் யாரும் ஆடறதில்லையே" என்றார். சரி என்றேன்.

இப்போது 12 காசு கார்டு. தொடக்கக் கையில் ஒன்றாவது வர 81%, ஒருமுறை மாற்றினால் 96%.

## விளைவு

போட்டியில் ரன்னராக நான்கு ஆட்டம். இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. கோப்பை எதுவும் வரவில்லை. தாளில் மட்டும் மாற்றம் தெரிந்தது. நான்கிலும் மூன்றாவது முறை முடிவில் அவர் 5-க்குக் கீழே போகவில்லை.

வென்ற இரண்டிலும் ஒரே மாதிரி நடந்தது. முதல் கிளிக் ஆர்க்கைவ்ஸ், 3 கிரெடிட், அதை வைத்து அதே முறையில் எங்காவது ஒரு ரன். கார்ப் மூச்சு வாங்க இடமே இல்லை.

தோல்வியில் ஒன்று எதிர்பார்த்ததுதான். எதிராளி ஆர்க்கைவ்ஸ் முன் இரண்டு ஐஸ் வைத்துவிட்டார். அந்த இரண்டும் ஆர் அண்ட் டி வாசலில் இல்லை என்பதை அவர் கவனித்துக் குறியை அங்கே மாற்றியிருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் ஆர்க்கைவ்ஸையே குறித்து முட்டிக்கொண்டிருந்தார்.

மற்றது கடைசி ஆட்டம். எதிரில் வெளியூரிலிருந்து வந்த ஒருவர், வேலண்ட் கார்ப். சைஃபன் வெற்றி. கார்ப் 10-லிருந்து 5-க்கு இறங்கியது. இவர் மேல் 2 டேக். ரிசோர்ஸ் பற்றிய பயம் இப்போது இல்லாததால் டேக்கைக் கழற்றவில்லை. கையில் 5 கார்டு. கார்ப்பின் முறை: முதல் கிளிக் ஹெட்ஜ் ஃபண்ட், 5 கொடுத்து 9. இரண்டாவது கிளிக் ஸ்கார்ச்ட் எர்த், 3 கிரெடிட், 4 சேதம். மூன்றாவது கிளிக் இன்னொரு ஸ்கார்ச்ட் எர்த். கையில் இருந்த ஒரே கார்டு 4 சேதத்தைத் தாங்காது. ஆட்டம் முடிந்தது. சாகும்போது அவரிடம் 15 கிரெடிட் இருந்தது. டேக் இரண்டையும் கழற்ற ஆகும் செலவு 4.

## மாற்றுவதாக இருந்தால்

ஒரு பிளாஸ்க்ரீட் இறங்கியிருந்தால் முதல் 4 சேதத்தை அது வாங்கியிருக்கும், இரண்டாவதுக்குப் பின் கையில் ஒரு கார்டோடு பிழைத்திருப்பார். ஆகவே அடுத்த வாரம் ஒரு ஈஸி மார்க்கையும் ஒரு இன்சைட் ஜாபையும் (ரன்னில் முதல் ஐஸைத் தாண்ட உதவும் கார்டு) எடுத்து இரண்டு பிளாஸ்க்ரீட்டையும் திரும்ப வைத்தோம். காசு கார்டு 11 ஆனது, தொடக்கக் கை வாய்ப்பு 77%. இந்தச் சிறு இழப்பு தாங்கக்கூடியது.

என் பக்கம் இரண்டு விஷயம். முதல் நாளே கையிருப்போடு, ஒவ்வொரு கிளிக்கும் எதற்குப் போனது என்றும் குறித்திருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் அவருக்குக் கிளிக்தான் பஞ்சம் என்று பார்த்ததும் தெரிந்திருக்கும், ஓபஸ் யோசனை வாயிலேயே வந்திருக்காது. இரண்டாவது, பதினொரு கார்டை ஒரே இரவில் மாற்றியது. வெற்றிக்கு எது காரணம், ஈஸி மார்க்கா, திரும்பி வந்த ஸ்னீக்டோரா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்று மூன்றாக மாற்றி, இடையில் சில ஆட்டம் ஆடிப் பார்த்திருக்கலாம். போட்டி நெருங்கிவிட்டது என்ற அவசரம்.

டேக்கைப் பற்றி அவரே ஒரு விதி வைத்துக்கொண்டார். சைஃபன் போடும் முறையில் அதை முதல் கிளிக்காகப் போடுவார். பின்னால் மூன்று கிளிக் மிச்சம் இருக்கும். கழற்றுவதா வேண்டாமா என்பதை கார்ப்பின் கையிருப்பைப் பார்த்து அப்போது முடிவு செய்வார். எதிரில் வேலண்ட் என்றால் பார்ப்பதே இல்லை, கழற்றிவிடுகிறார்.